பெரிய கிராணியின் பலகை

எட்டு மாதம் ஏலக் கம்பெனியில் மணி ஆட்டியவனுக்கு வியாபாரம் தெரிந்துவிடும் என்றால், கோயிலில் மணி ஆட்டுகிற பண்டாரத்துக்கு அம்மன் நேரில் வந்து காட்சி கொடுத்திருக்க வேண்டும். கொழுந்தன் கார்த்திகேசுவைப் பற்றிப் பவுனம்மாள் நினைத்தது இதுதான். நினைத்ததோடு நிறுத்திக்கொள்கிற பிறவியா அவள்? முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவன் சிரித்தான். யார் என்ன சொன்னாலும் பல்லைக் காட்டுவது, அந்தக் கம்பெனியில் அவன் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் எஞ்சின் கொட்டகையின் பின்வாசலுக்கு எதிரே பவுனம்மாளின் சோற்றுக்கடை. புருஷன் செத்த பிறகு ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறாள். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். கரியும் எண்ணெயுமாக ஆட்கள் வெளியே வருவார்கள். கண்ணெதிரில் கடை. அதற்குப் பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது. வாசலைத் தாண்டியதுமே மீன் குழம்பு வாசம் ஆளை இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்துவிடும். அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டிக்கிடக்கிறது?

ஐப்பசியில் ஒரு நாள் அந்தப் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். புது வாசல் கொட்டகையின் மறுபக்கம், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாக்களான கிராணிமார் குடியிருக்கிற குவாட்டர்ஸ் தெருவில் திறந்தது. அங்கிருந்து கடைக்கு வர வேண்டுமானால் கிராணிமாரின் ஏழு வீடுகளையும் தாண்டி, தெருமுனையில் இடதுபக்கச் சந்துக்குள் திரும்ப வேண்டும். ஐந்து நிமிஷ நடைதான். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு கடை இருப்பதே தெரியாது. பழைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிவர ஆரம்பித்தார்கள். அறுபது பேர் சாப்பிட்ட இடத்தில் பதினைந்து பேர் சாப்பிட்டார்கள்.

கடைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கே, அந்தச் சீன முதலாளி, நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: சீனப் பெருநாள் வரைக்கும் பார்ப்பேன், அப்போதும் பெஞ்சு இப்படிக் காலியாகக் கிடந்தால் என் மச்சான் மகனுக்குச் சைக்கிள் கடை வைக்க இடம் கொடுத்துவிடுவேன். கடை போனால் பவுனம்மாளுக்கு இருக்கிற ஒரே போக்கிடம் பந்திங்கில் அண்ணன் வீடு. அங்கே அண்ணன் பெண்டாட்டி தங்கமணிக்கு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. லோரிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "நாத்தனார வரச்சொல்லுங்க. வரும்போது அந்த ஆட்டுக்கல்லயும் மறக்காம கொண்டாரச் சொல்லுங்க." ஆட்டுக்கல்லோடு ஆட்டுகிற ஆளும் சம்பளமில்லாமல் வந்துசேரும் என்ற நினைப்பு அவளுக்கு.

"அவ வீட்ல மாவாட்டிக்கிட்டு, அவ வழிச்சுப் போடுற மிச்சத்தத் திங்கணுமா? அதுக்கு நான் கிள்ளான் ஆத்துல எறங்கிடுவேன்" என்றாள் பவுனம்மாள். வெறும் பேச்சில்லை, பயம்.

இந்த நேரம் பார்த்துத்தான் கார்த்திகேசு யோசனையோடு வந்தான். ஏலக் கம்பெனியில் வேலை போய்விட்டிருந்தது, கழுத்து டை மட்டும் போகவில்லை. சட்டையில் காலர் இல்லாவிட்டாலும் அதைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"போர்டு வைக்கணும் அண்ணி. கடையில இல்ல. அந்த ஏழு வீட்டு வாசல்லயும் வேலிக்குள்ள ஒவ்வொரு போர்டு. வெள்ளக்காரன் ஒரு பங்களா சாமான ஏலம் போட்டா அப்படித்தான் வழி நெடுக வீட்டுக்கு வீடு நட்டு வைப்பான். ஜனம் பாத்துக்கிட்டே வந்து விழும்."

யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. அது குடிவந்த மண்டைதான் சரியில்லை. ஆனால் வேறு யோசனை ஏது? பவுனம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவனோடு புறப்பட்டாள்.

முதல் வீடு சண்முகரத்தினத்தின் வீடு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய கிராணி, முதலாம் வகுப்பு. இந்த மூன்றையும் இதே வரிசையில், யாரும் கேட்காமலே சொல்லிவிடுவார். கொட்டகை ஆட்களின் லீவுக் காகிதமெல்லாம் அவர் மேசைக்குத்தான் போக வேண்டும். வராந்தாவில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, இவர்களை வாசற்படிக்குக் கீழேயே நிறுத்திவைத்துப் பேசினார்.

"என்ன, சோத்துக்கடைப் பலகையோ? என்ர வீட்டு வளவுக்கையோ?"

"ஆமாங்கய்யா. ஐயா வீட்டு வாசல்ல இருந்தா அதுக்கே ஒரு மதிப்பு" என்றான் கார்த்திகேசு.

மதிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கேயே கடைக்குச் சனி பிடித்தது.

"மதிப்பெண்டால், இது ஆரின்ர வளவு எண்டு சனத்துக்குத் தெரியவேணும்தானே? என்ர பேரை மேலை போடும். பெரிய கிராணி, முதலாம் வகுப்பு எண்டதையும் விடாமல் போடும். 'மேலான அனுமதியோடு' எண்டு எழுதினால் வடிவாயிருக்கும். கடையின்ர பேரைக் கீழை எங்கையாவது போடலாம்."

"சோறு எங்க கெடைக்கும்னு போட எடம் வேணும்ல ஐயா?" என்றாள் பவுனம்மாள்.

"அதுக்கென்ன, சோறு தேடுறவன் குனிஞ்சு பாப்பான்தானே" என்றார் அவர். படித்த மனுஷன் பேச்சு!

வேலிக்கு அப்பால் இரண்டாம் வீட்டுச் சிவகுருநாதன் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். இவர் இரண்டாம் வகுப்புக் கிராணி. இவர்கள் படலையைத் தள்ளுவதற்குள் அவரே ஓடிவந்தார். "அங்கை பேர் போடுறியள், இங்கை போடமாட்டியளோ? எனக்கும் தை மாதம் உயர்வு வருகுது. 'விரைவில் முதலாம் வகுப்பு' எண்டு போடுங்கோ. பலகை எந்தப் பக்கம் பாத்து நிக்கும்? சண்முகத்தாற்ற வராந்தாவைப் பாத்து நிக்கட்டும்."

அடுத்த ஐந்து வீடுகளைப் பற்றிச் சொல்வது வாய்க்கு நஷ்டம். ஒருவருக்குத் தகப்பன் பெயரும் வேண்டும், ஒருவருக்குப் பிறந்த ஊரும் வேண்டும். ஏழு பேரில் ஒருவராவது, உன் கடையில் என்ன குழம்பு என்று கேட்டாரா? இல்லை. பவுனம்மாளுக்கு வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு வரவேண்டியிருந்தது. காரியம் ஆக வேண்டுமே.

கார்த்திகேசு பலகை இழைத்தான். ஒருபக்கம் இழைத்ததும் கை வலித்தது, மறுபக்கத்தைச் சிராயோடு விட்டுவிட்டான். பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினான். எழுதி முடித்து நட்டபோது முதல் வீட்டுப் பலகையில் இருந்தது இது: "திருவாளர் இ. சண்முகரத்தினம் அவர்கள், பெரிய கிராணி, முதலாம் வகுப்பு, அன்னாரின் மேலான அனுமதியோடு." அடியில், புல் மறைக்கிற இடத்தில், எறும்பு ஊர்ந்தது மாதிரி ஒரு வரி: "பவுனம்மாள் சோற்றுக்கடை, முனையில் இடதுபக்கம்."

இதோடு முடிந்ததா? பெரிய கிராணி கைத்தடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பலகைகளை அளந்தார். சிவகுருநாதனுடைய பலகை தன்னுடையதைவிட ஒரு விரல்கடை உயரமாக நின்றது என்று தரையில் தடியால் குத்தினார். இரண்டாம் வகுப்பு எப்படி முதலாம் வகுப்புக்கு மேலே நிற்கலாம்? கார்த்திகேசு போய் மண்ணைத் தோண்டி அதை இறக்கி நட்டான். சிவகுருநாதன் அன்று சாப்பிடவில்லை என்று கேள்வி.

அடுத்த நாள் பவுனம்மாள் நாற்பது பேருக்கு உலை வைத்தாள். எப்போதும் வருகிற பதினைந்து பேரில் ஐந்து பேர் வந்தார்கள். மறுநாள் இரண்டு பேர். மூன்றாம் நாள் ஒரு காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. தவுக்கே வந்து வாசலில் நின்று, காலிப் பெஞ்சைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். கூடவே மச்சான் மகனும் வந்திருந்தான். வந்தவன் கதவின் அகலத்தைக் கையால் அளந்துகொண்டு போனான். அதைப் பார்த்ததும் பவுனம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஜனங்களுக்குப் படிப்பறிவு பத்தல அண்ணி. போர்டு மேல குத்தமில்ல" என்றான் கார்த்திகேசு.

"ஒனக்குத்தான் படிப்பறிவு இருக்கே. அதாலதான் என் அடுப்பு அணைஞ்சு கெடக்கு. வாயை மூடு."

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் குழம்பை இறக்கிவைத்துவிட்டு அவளே புது வாசலுக்குப் போய் நின்றாள். சங்கு ஊதியது. ஆட்கள் வந்தார்கள். தெருவில் நாலடி வைத்ததும் பலகைகளைப் பார்த்தார்கள். பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தலையில் சுற்றியிருந்த துண்டை ஒருவன் அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தான். பிறகு எல்லாருமாகத் திரும்பி, ஆற்றோர ஒற்றையடிப் பாதையில் இறங்கி மறைந்தார்கள். பவுனம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியாக வந்த பாலனைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவன் கொட்டகையில் எஞ்சின் பூட்டுகிற பிட்டர், ஒன்பது வருஷமாக அவள் கையால் சாப்பிட்டவன்.

"ஏம் பாலா, என் சோறு கசந்துபோச்சாடா?"

"ஐயோ அக்கா, என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? தெருவத்தான் மூடிட்டாங்களே. போர்டு போட்டிருக்குல்ல."

"போர்டுல என்ன போட்டிருக்கு?"

"பெரிய கிராணி பேரு போட்டிருக்கு. அனுமதின்னு என்னமோ வருது. அதுக்கு மேல எவன்க்கா நின்னு படிப்பான்? கரிக்காலோட தன் வீட்டு வாசல்ல நடக்கக் கூடாதுன்னுதான் போட்டிருப்பாரு. நான் பாட்டுக்கு நடந்து, நாளைக்கு என் லீவுக் காயிதத்தத் தூக்கிக் குப்பையில போட்டுட்டா? நீங்களும் இங்க நிக்காதீங்கக்கா. போங்க."

அடக் கடவுளே! ஆனால் அவன் சொன்னதில் என்ன தப்பு? அந்த ஆட்கள் பிறந்ததிலிருந்து பார்த்த பலகை ஒவ்வொன்றும் எதையாவது கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறது. தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது, துப்பக் கூடாது, அந்நியர் உள்ளே வரக் கூடாது. வா, சாப்பிடு என்று ஒரு பலகை இதுவரை அவர்களிடம் சொன்னதே கிடையாது. அதிலும் பெரிய கிராணியின் பெயர் போட்ட பலகை சோற்றுக்கு அழைக்கிறது என்று எந்த மடையன் நினைப்பான்? ஏழு வீட்டுப் பெருமையும் சேர்ந்து நடுத்தெருவில் அவள் கடைக்கு வேலி கட்டிவிட்டது.

பவுனம்மாளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. அவளுக்கு மூளை வேலை செய்வது கோபத்தில்தான். மூன்று நாள் அந்த வாசலுக்கு எதிரிலேயே நின்று ஆட்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். பசியோடு வருகிறவன் அண்ணாந்து பார்ப்பதில்லை, இடுப்பு உயரத்துக்குமேல் அவன் கண் எழும்புவதே இல்லை. தெருவுக்கு ஓரமாகத் திரும்பி நிற்கிற பலகையை அவன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை, நேர் எதிரில் வந்து நிற்பதைத்தான் பார்க்கிறான். அதுவும் எங்கே? வாசலை விட்டு வெளியே கால் வைக்கிற இடத்தில் ஒருமுறை, தெரு திரும்புகிற இடத்தில் ஒருமுறை. நடுவில் அவனுக்குக் கண்ணே தேவையில்லை. இதைக் கண்டுபிடிக்க ஏலக் கம்பெனி வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஏழு வீட்டுக்கும் போனாள். "மழையில எழுத்து மங்கிடுச்சுங்கய்யா. எடுத்துட்டுப் போயி நல்லாச் செஞ்சு வைக்கிறேன்" என்றாள். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. பெரிய கிராணி தானே வந்து பலகையை ஆட்டிப் பிடுங்க உதவினார். "இந்தமுறை எழுத்தைப் பெரிசாப் போடும். காரிலை போற துரைமாருக்கும் தெரியவேணும்" என்றார்.

"எல்லாரும் பாக்குற எடமாத்தான் வைப்பேன், ஐயா கவலப்படாதீங்க" என்றாள்.

புது வாசலுக்கு நேர் எதிரே கிராணி வீடு இல்லை. அங்கே தண்டவாளக் கூலிகளின் தகரக் கொட்டடி ஒன்று இருந்தது. அதில் வீரம்மா குடியிருந்தாள். அவள் வாசலில் பாய் விரிக்கிற அளவுக்குத்தான் இடம், அதையும் ஒரு ஆடு பிடித்துக்கொண்டிருந்தது. பவுனம்மாள் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஒம் பேரும் போடணுமாக்கும்?" என்று கேட்டாள்.

"எம் பேர எதுக்குக்கா? என்னயத் தேடி எவன் வரப்போறான்? கம்ப நல்லா ஆழமா நடுங்க. ஆட்டக் கட்டிக்குவேன்" என்றாள் வீரம்மா.

தவுக்கேயின் சொந்தக் கடையில் கிடந்த மண்ணெண்ணெய்ப் பெட்டி மூடிகள் இரண்டை வாங்கிவந்தாள். கார்த்திகேசு மிச்சம் வைத்த பச்சை வர்ணத்தால் அகலமாக ஒரு வாழை இலை போட்டாள். நடுவே சுண்ணாம்பால் சோற்றுக் குவியல், அதன்மேல் காவியால் குழம்பு, ஓரத்தில் வாலோடு ஒரு மீன். அடியில் விரல் நீட்டிய ஒரு கை. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றை வீரம்மா வாசலில் இடுப்பு உயரத்தில், ஆட்கள் வருகிற முகமாக நட்டாள். இன்னொன்றைத் தெருமுனையில், சலவைக்காரர் வாசலில் நட்டாள். அவரும் பெயர் கேட்கவில்லை.

மறுநாள் சங்கு ஊதியது. முதலில் வந்தவன் ஆட்டைப் பார்த்தான், பிறகு ஆட்டின் முதுகுக்கு மேலே சோற்றைப் பார்த்தான், நின்றான். "டேய், மீனுடா" என்றான். தெருவைப் பார்த்தார்கள். தடுக்கிற பலகை ஒன்றும் இல்லை. கை காட்டிய பக்கம் நடந்தார்கள், முனையில் இன்னொரு கை இருந்தது. அன்றைக்கு இருபது பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் குழம்புச் சட்டியைக் கழுவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அவ்வளவு சுத்தமாக வழித்திருந்தார்கள். சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம் தவுக்கே நடுப்பகலில் வந்தார். உட்கார இடமில்லை. சிரித்துக்கொண்டே, மச்சான் மகன் சைக்கிள் கடையைக் கிள்ளானில் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பவுனம்மாள் பந்திங் லோரிக்காரனைத் தேடிப் போய்ச் சொன்னாள்: "ஆட்டுக்கல்லு எடத்த விட்டு அசையாதாம்னு எங்க அண்ணிகிட்டச் சொல்லுங்க."

கார்த்திகேசு என்ன ஆனான் என்கிறீர்களா? கிள்ளானில் ஒரு தையற்காரரிடம் போய், பிரிக்பீல்ட்ஸில் செத்துக் கிடந்த ஒரு கடையைத் தான் போர்டு வைத்தே எழுப்பிவிட்டதாகச் சொல்லி வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்தத் தையற்காரரை யார் காப்பாற்றுவது?

ஆள் கூடியதும் இருந்த பெஞ்சுகள் போதவில்லை. ஏழு பலகையும் சும்மாதான் கிடந்தன. பவுனம்மாள் மண்ணெண்ணெய்த் தகரங்களை வரிசையாக வைத்து, அவற்றின்மேல் பலகைகளைப் போட்டு ஆணி அடித்தாள். எழுத்துப் பக்கம் மேலே பார்க்கத்தான் போட வேண்டியிருந்தது, இழைக்காத பக்கத்தில் உட்கார்ந்தால் சிராய் ஏறும். அது கார்த்திகேசுவின் உபயம்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், சரியாகச் சாப்பாட்டு நேரத்தில், பெரிய கிராணி குடையும் கைத்தடியுமாகக் கடைக்குள் வந்தார். இந்தச் சந்துக்குள் அவர் கால் வைத்ததே அதுதான் முதல்முறை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"எங்கை என்ர பலகை? இண்டைக்கு நாளைக்கு எண்டு ஒரு மாசமாச்சு."

பாலன் துள்ளி எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், கரிக்கறைக்கும் எண்ணெய்க்கறைக்கும் நடுவே, முதலாம் வகுப்பு என்ற எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. அத்தனை நாள் எதன்மேல் உட்கார்ந்திருந்தோம் என்று பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருவன் பயந்து இலையை மடித்தே விட்டான்.

"உக்காருங்கடா, சோறு ஆறுது" என்றாள் பவுனம்மாள். அவள் வயிற்றுப் பிழைப்பு, இத்தனை பேர் லீவுக் காகிதம், எல்லாம் அந்த மனுஷன் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "தெருவுல நின்னப்ப உங்க பேரப் பாத்து ஒருத்தனும் வரலைங்கய்யா. இங்க தெனமும் எத்தன பேருக்கு உக்கார எடம் குடுக்குது பாருங்க."

பெரிய கிராணி கிட்டே வந்தார். குனிந்து தன் பலகையைப் பார்த்தார். பிறகு பக்கத்துப் பலகையைப் பார்த்தார். அது சிவகுருநாதனுடையது. அதன்கீழ் இருந்த தகரம் வேறு அளவு. கைத்தடியை இரண்டுக்கும் நடுவே ஊன்றி, கட்டைவிரலால் அளவு பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"சிவகுருநாதன்ர பலகை ஏன் என்ரதை விட உயரமாய்க் கிடக்குது?"

பவுனம்மாள் கொல்லைப்பக்கம் போய் உடைந்த ஓட்டுத்துண்டு இரண்டு கொண்டுவந்து, பெரிய கிராணியின் பலகைக்கு அடியில், தகரத்துக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்தாள்.

"இப்ப சரியாங்கய்யா?"

அவர் மறுபடி தடியை வைத்து அளந்தார். தலையை ஆட்டினார். குடையை விரித்துக்கொண்டு, நிமிர்ந்த நடையோடு வெளியே போனார்.

பாலன் பெரிய கிராணியின் பெயர்மேல் மறுபடி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.